ஆடி முதல் கார்த்திகை வரை: பெங்களூரில் நல்ல உருளைக்கிழங்கு எப்படிக் கிடைக்கும்?

பெங்களூரில் ஆடி பிறந்தால் உருளைக்கிழங்கைப் பற்றிய புலம்பலும் கூடவே வந்துவிடும். அல்சூர் மார்க்கெட்டிலும் ஸ்ரீராமபுரத்துத் தள்ளுவண்டிகள் பக்கத்திலும் நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் மூன்று குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "ரோஸ்ட் பண்ணா கறுத்துப்போகுது." "போண்டாவுக்குள்ள இனிக்குது." "வேகவெச்சா உதிரவே மாட்டேங்குது, பிசுபிசுன்னு நிக்குது." மூன்றுமே உண்மையான குறைகள்தான். ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. முதல் இரண்டும் குளிர்ப்பதனக் கிடங்கின் வேலை. மூன்றாவது மழைக்காலத்துப் புதுக்கிழங்கின் குணம். ஆடியிலிருந்து கார்த்திகை வரை இந்த இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்துக் குவியலாக, சில நேரம் ஒரே குவியலாகவே, விற்பனைக்கு வருகின்றன. பார்வைக்கு எல்லாம் உருளைக்கிழங்குதான். எது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கினால், சமையல் தப்பியதற்கு எண்ணெயையும் அடுப்பையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

உருளை குளிர்ப் பயிர். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போய்விட்டால் செடி தழைத்து வளருமே தவிர மண்ணுக்கடியில் கிழங்கு சரியாகக் கட்டாது. அதனால் கங்கைச் சமவெளியில் அக்டோபர், நவம்பரில் நட்டு, பிப்ரவரி, மார்ச்சில் தோண்டுகிறார்கள். நாட்டின் மொத்த விளைச்சலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்த ஒரு பட்டத்தில் வருவதுதான். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 5.5 முதல் 6 கோடி டன் உருளை விளைவிக்கிறது. உலகில் சீனாவுக்கு அடுத்த இடம். இதில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் மண்ணைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. நாம் சாப்பிடுவதோ 12 மாதமும்.

நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது கிடங்குகள். நாட்டில் உள்ள குளிர்ப்பதனக் கிடங்குகள் 8,000-க்கும் மேல். அவற்றின் கொள்ளளவில் மிகப் பெரிய பங்கு உருளைக்கே போகிறது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 2,000-க்கு மேல் இருக்கின்றன. ஆக்ராவைச் சுற்றி அவை நெருக்கமாக நிற்கின்றன. மார்ச் மாதம் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கதவைச் சாத்தி, கோடையில் திறக்க ஆரம்பித்து, நவம்பருக்குள் காலி செய்கிறார்கள். பெங்களூரில் "ஆக்ரா கிழங்கு" என்றும் "ஸ்டோரேஜ் மால்" (கிடங்குச் சரக்கு) என்றும் சொல்வது இதைத்தான். பெங்களூரின் மொத்த விற்பனைச் சந்தையான யஷ்வந்த்புர யார்டுக்கு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் லாரியில் வந்து இறங்குகிறது.

இந்தக் கிடங்குகளில் வெப்பம் 2 முதல் 4 டிகிரி. இவ்வளவு குளிர் வைப்பதற்குக் காரணம் முளை. தோண்டிய கிழங்கு ஆறு முதல் பத்து வாரம் வரை உறக்கத்தில் இருக்கும். வகைக்கு வகை இது மாறும். அதற்குப் பிறகு கண் விழித்து முளைவிட ஆரம்பிக்கும். 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் முளை கிளம்பாது, எடையும் அதிகம் குறையாது, அழுகலும் எளிதில் பரவாது. வியாபாரிக்கு இந்த மூன்றும் போதும். ஆனால் கிழங்கு உயிருள்ள பொருள். கிடங்கின் இருட்டிலும் அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவது நிற்பதில்லை; அந்தச் சர்க்கரையை மூச்சில் எரித்துச் செலவழிக்கும் வேலைதான் மந்தமாகிவிடுகிறது. வரவு இருக்கிறது, செலவு இல்லை. சர்க்கரை தேங்குகிறது. முதலில் சுக்ரோஸ் சேர்கிறது. பிறகு இன்வர்ட்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது.

வாணலியில் நடப்பதற்கு இந்தக் கடைசி இரண்டும்தான் பொறுப்பு. சூடேறும்போது அவை கிழங்கில் இயல்பாகவே உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பு நிறத்தையும் ஒரு கசப்பையும் உண்டாக்குகின்றன. உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிட்டதாகத் தோன்றுவது இதனால். எண்ணெய் பழசு என்றோ தீ அதிகம் என்றோ நினைத்துவிடுகிறோம். நிறத்தோடு போய்விடுகிற விஷயமும் இல்லை இது. மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாவதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே வகைப்படுத்தியிருந்தது. கிழங்கில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் எவ்வளவு அதிகமோ, வறுவலில் அக்ரிலமைடும் அவ்வளவு அதிகம். பிள்ளைகளுக்கு அடிக்கடி வறுவல் செய்து கொடுக்கும் வீடுகளில் கிழங்கைப் பார்த்து வாங்குவதற்கு ருசியைத் தாண்டிய காரணம் இது.

சிப்ஸ் கம்பெனிகள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. அவர்கள் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் சர்க்கரை தேங்காது. முளையைத் தடுக்கத் தனியாக ஒரு மருந்தைப் புகையாக அடிக்கிறார்கள். வகையும் வேறு. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா-1, சர்க்கரை குறைவாகச் சேர வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. இந்த வகை கிழங்கு எப்போதாவது சில்லறைக் கடைக்கும் வருவதுண்டு. "சிப்ஸ் கிழங்கு" என்று கேட்டால் தெரிந்த கடைக்காரர் எடுத்துத் தருவார். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக இருக்கும். வறுவலுக்கென்றால் அந்தக் காசு வீணில்லை.

இதுவரை சொன்னது நாடு முழுவதற்கும் பொது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இந்த நகரமும் இதைச் சுற்றியுள்ள பீடபூமியும் கடல் மட்டத்திலிருந்து 850 முதல் 950 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். கங்கைச் சமவெளியில் நினைத்தும் பார்க்க முடியாத மழைக்காலச் சாகுபடி இங்கே நடப்பது அதனால்தான். ஹாசன் மாவட்டத்தில் மே, ஜூனில் முதல் மழைக்கு நட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் தோண்டுகிறார்கள். விதைக்கிழங்கு பஞ்சாபின் ஜலந்தர் பக்கத்திலிருந்து லாரி லாரியாக வருகிறது. கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் மழைப் பட்டமும் உண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிர்காலப் பட்டமும் உண்டு. ஆக, வடக்கே சமவெளியில் தோண்டக் கிழங்கு இல்லாத ஆவணியிலும் புரட்டாசியிலும் நமக்கு நாலைந்து மணி நேரப் பயணத் தொலைவில் புதுக்கிழங்கு தோண்டப்படுகிறது. டெல்லிவாசிக்கு அந்த மாதங்களில் புதுக்கிழங்கு வேண்டுமென்றால் இமயமலைச் சரிவைத்தான் நம்ப வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஹாசன் கிழங்கையே வாங்கிக்கலாமே" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். புதுக்கிழங்கு என்றாலே நல்ல கிழங்கு என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மழைக்காலத்தில் அது பாதிதான் உண்மை.

நல்ல கிழங்குக்கு முறை என்ன? செடி முற்றியதும் தழையை அறுத்துவிட்டு, பத்து பதினைந்து நாள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட வேண்டும். அந்த நாட்களில்தான் தோல் தடித்து இறுகும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஹாசன் விவசாயியால் அப்படிக் காத்திருக்க முடியாது. நிலத்தில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். அதைவிடப் பெரிய பயம் கருகல் நோய். 1845-இல் அயர்லாந்தில் விளைச்சலை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்த அதே நோய்தான் இது. குளிர்ந்த, ஈரமான, மேகம் மூடிய வானிலை அதற்கு மிகவும் பிடிக்கும்; ஹாசனின் ஜூலை மாதம் அப்படியே இருக்கும். இலையில் தண்ணீர் கோத்தது போல் திட்டுகள் தோன்றினால் ஒரு வாரத்துக்குள் வயலே கருகிப்போகும். இந்த நோயாலும் விதை விலையாலும் நொந்து பலர் மக்காச்சோளத்துக்கும் இஞ்சிக்கும் மாறிவிட்டார்கள். ஒரு காலத்தில் ஹாசனின் அடையாளமாக இருந்த உருளைப் பரப்பு பெரிதாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சியிருப்பவர்களும் கிடைத்ததைக் காப்பாற்ற அவசரமாகத் தோண்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

இப்படி அவசரத்தில் வந்த கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. சர்க்கரையும் குறைவு என்பதால் கறுக்காது, இனிக்காது. ஆனால் மசால் தோசைக்குள் வைக்கும் கிழங்கு விரலில் உதிர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களை ஏமாற்றிவிடும். அதே கிழங்கு பட்டாணிக் குருமாவுக்கும் சாம்பாருக்கும் அருமையாகப் பொருந்தும். துண்டு கரையாமல் நிற்கும். முக்கியமாக, அதை அதிக நாள் வைக்க முடியாது. நாலைந்து நாளில் சமைத்துத் தீர்க்க முடிகிற அளவுதான் வாங்க வேண்டும்.

ஊட்டிக் கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் தமிழர்கள் மத்தியில் உருளைக்கிழங்குக் கட்டுரை எழுத முடியாது. நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று பட்டம் உண்டு. 2,000 மீட்டருக்கு மேலான குளிரில் மெதுவாக முற்றும் கிழங்கு. உதிரும் தன்மை, மணம், வைத்திருந்தால் தாங்கும் குணம் எல்லாம் சேர்ந்திருப்பதால் விலையும் அதிகம். ஆனால் நீலகிரியிலும் உருளைப் பரப்பு முன்பிருந்ததில் சிறு பங்குதான். 1961-இல் அங்கே வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டது. ஒருமுறை மண்ணில் புகுந்தால் பல ஆண்டு அழியாத புழு. அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற வகைகள் வந்தும், கேரட்டும் தேயிலையும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. விளைவதில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போய்த் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பிரிந்துவிடுகிறது. அப்படியிருக்க, பெங்களூரின் ஒவ்வொரு தெருவிலும் ஆண்டு முழுக்க "ஊட்டிக் கிழங்கு" விற்கிறது என்றால் அத்தனையும் ஊட்டியிலிருந்து வந்திருக்க வழியில்லை.

செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. கிடங்குக் கிழங்கின் மேல் செம்மண்ணைப் புரட்டிப் புதுசு என்று விற்பது பழைய தந்திரம். கண்டுபிடிக்கக் கட்டைவிரல் போதும். கிழங்கை எடுத்து அழுத்தித் தேயுங்கள். மழைக்காலப் புதுக்கிழங்காக இருந்தால் மெல்லிய தோல் சவ்வு போலச் சுருண்டு உரிந்து, உள்ளே ஈரமான வெளிர்மஞ்சள் தெரியும். மண் மட்டும் தூளாக விரலில் ஒட்டி, அடியில் தோல் இறுக்கமாகவும் கண்கள் சற்றே புடைத்தும் இருந்தால் அது பல மாதம் குளிரில் கிடந்த கிழங்கு. நன்றாக முற்றிய மலைக்கிழங்கின் தோலும் உரியாது. ஆனால் அதன் கண்களில் முளைப்புடைப்பு இருக்காது, மண்ணும் கண் குழிகளில் கெட்டியாகக் காய்ந்து ஒட்டியிருக்கும், தட்டினால் உதிராது.

கண்களைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். கண் குழியில் கருப்பாகத் தூள் தூளாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது அந்துப்பூச்சியின் எச்சம். புழு உள்ளே சுரங்கம் போட்டிருக்கும். கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற பீடபூமிப் பகுதிகளில் கிடங்குக்குப் போகாமல் குவித்து வைத்த கிழங்கில் இது சகஜம். ஒரு கிழங்கில் இருந்தால் அந்தக் குவியலையே விட்டு நகர்ந்துவிடலாம்.

ராட்சச அளவுக் கிழங்கு எனக்கு எப்போதுமே ஒத்துவராது. தண்ணீரில்லாமல் வாடி, பிறகு மழை கிடைத்ததும் மளமளவென்று பருத்த கிழங்கின் நடுவில் பொக்கை விழுந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. லாரியில் தார்ப்பாய்க்கடியில் காற்றில்லாமல் வெந்துபோன கிழங்கின் நடு கறுத்திருக்கும். அதுவும் வெளியிலிருந்து தெரியாது. நடுத்தர அளவு, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம், அழுத்தினால் கல் போல் இறுக்கம். இப்படிப் பொறுக்குவது நல்லது. மூட்டையாக வாங்குபவர்கள் ஒன்றை நடுவில் வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். யார்டில் அது வழக்கம்தான்.

பச்சை படிந்த கிழங்கை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் தோலில் பச்சையம் வருகிறது. பச்சையத்தால் கெடுதல் இல்லை. அதோடு கூடவே பெருகும் சொலனின், சாக்கோனின் என்ற நச்சுகள்தான் ஆபத்து. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இவை இருந்தால் உண்ணத் தகாதது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. வேகவைத்தாலும் பொரித்தாலும் இவை போகா. விளக்கு வெளிச்சத்தில் நாள் கணக்காக அடுக்கி வைத்திருக்கும் பளபளப்பான சூப்பர் மார்க்கெட் கிழங்கில் இந்தப் பச்சை அதிகம் காணப்படும். கழுவாமல் மண்ணோடு இருக்கும் தள்ளுவண்டிக் கிழங்கு இந்த விஷயத்தில் மேல்.

ஆக்ரா கிழங்கை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதை மீட்க வழி இருக்கிறது. குளிரில் சேர்ந்த சர்க்கரையின் ஒரு பகுதி, கிழங்கை 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரம் வைத்தால் மீண்டும் மாவுச்சத்தாகத் திரும்பும்; ஒரு பகுதி மூச்சில் செலவாகும். சென்னையின் ஆகஸ்ட் வெக்கையில் இதைச் செய்தால் கிழங்கு முளைத்து அழுகிவிடும். பெங்களூரின் மழைக்கால வீட்டு வெப்பம் இதற்கு ஏறக்குறையச் சரியாக அமைகிறது. சணல் சாக்கிலோ மூங்கில் கூடையிலோ போட்டு, வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள மூலையில் இரண்டு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகும். வந்த அன்றே ஈரம் பூத்திருந்தால் முதலில் துணியால் துடைத்து நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். குருத்து எட்டிப் பார்த்தால் கிள்ளிவிடலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டு வறுத்துப் பார்த்தால் பொன்னிறத்தில் நிற்பது கண்ணுக்கே தெரியும். திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் வெப்பமும் 4 டிகிரிதான், செய்த வேலை அத்தனையும் வீணாகும்.

இந்த வைத்தியம் ஆடி, ஆவணியில் நன்றாகப் பலிக்கும். ஐப்பசியில் அவ்வளவாகப் பலிக்காது. கிடங்கில் ஏழு எட்டு மாதம் கடந்தால் குளிரோடு மூப்பும் சேர்ந்துகொள்கிறது. மூப்பால் சேரும் சர்க்கரை எவ்வளவு நாள் வைத்தாலும் திரும்பாது. அதனால் தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஆக்ரா கிழங்கை வறுவலுக்கு எடுப்பதை விட்டுவிடலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நறுக்கிய துண்டுகளைக் கொதிக்கும் முன்பான சூட்டில் உள்ள நீரில் நாலைந்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் உலர்த்திப் பிறகு எண்ணெயில் போடுங்கள். மேல்பரப்புச் சர்க்கரை பெருமளவு நீரில் இறங்கிவிடும். தீயை மிதமாக வைத்து, பொன்னிறம் வந்ததுமே எடுத்துவிட வேண்டும். பொடிமாஸில் எலுமிச்சையைச் சற்றுத் தாராளமாகப் பிழிந்தால் இனிப்பு அடங்கும்.

உதிரும் கிழங்கா, உதிராததா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் உப்புக்கு 11 டம்ளர் தண்ணீர் என்று கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து நிறைந்தது; தோசை மசாலாவுக்கும் ரோஸ்டுக்கும் எடுத்து வைக்கலாம். மிதந்தால் குருமாவுக்கு. வீட்டு விசேஷத்துக்கு ஒரு மூட்டை எடுப்பவர்கள் முந்தைய நாளே நாலைந்து கிழங்கை இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஊர்ப் பெயரைக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த கடைதான் முக்கியம். கே.ஆர். மார்க்கெட்டிலும் ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் கிழங்கு மட்டுமே வைத்திருக்கும் கடைகளில் பலரும் தமிழ் பேசுவார்கள். "அண்ணே, இது எந்த ஊர் மால்?" என்று கேட்டால், "அக்கா, இது ஸ்டோரேஜ், அது ஹாசன், நேத்து ராத்திரிதான் இறங்குச்சு" என்று பிரித்துக் காட்டிவிடுவார்கள். வாடிக்கையாகப் போகிறவர்களிடம் அவர்கள் பொய் சொல்வது குறைவு. ஹாப்காம்ஸ் என்ற தோட்டக்கலைக் கூட்டுறவுச் சங்கத்தின் கடைகளுக்கு விவசாயிகளிடமிருந்தே காய் வருவதால் அங்கே பருவத்தில் உள்ளூர்க் கிழங்கு கிடைக்க வாய்ப்பு அதிகம். செயலியில் ஆர்டர் செய்தால் பெரும்பாலும் ஊர்ப் பெயர் இருக்காது, விரலால் தேய்த்துப் பார்க்கவும் முடியாது. வேகவைக்கிற சமையலுக்கு அது பரவாயில்லை.

கார்த்திகை பிற்பகுதியில் பஞ்சாபின் முதல் வரவு மார்க்கெட்டுக்கு வரும். 70, 80 நாளிலேயே தோண்டிவிடும் குஃப்ரி புக்ராஜ் வகைதான் அதில் அதிகம். தோல் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும், தண்ணீரும் நிறைய இருக்கும். அதைக் குழம்புக்கும் கூட்டுக்கும் வைத்துக்கொண்டு, வறுவலுக்குத் தை கடைசியில் வரும் முற்றிய கிழங்கு வரை பொறுத்திருப்பது நல்லது.